எதிராளியே எழுதிக் கொடுத்த வரி

ஒரு தென்னந்தோப்பின் தெற்கு ஓரமாகப் போகும் வண்டிப் பாதைக்காக ஏழு வருடம் நடந்த வழக்கு அது. என் கட்சிக்காரருக்கு அந்தப் பாதையின் கோடியில் ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை. தோப்புக்காரர் முள்வேலி போட்டுப் பாதையை அடைத்துவிட்டார். "அப்படியொரு பாதை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை" என்பது அவருடைய எதிர்வழக்குரை. எங்கள் பக்கம் சாட்சி சொல்ல மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவர் வழக்கு முடியும் முன்பே காலமானார், இன்னொருவருக்குக் காது கேட்காது, மூன்றாமவர் என் கட்சிக்காரருக்கு மைத்துனர். கடைசியில் வழக்கைத் தாங்கி நிறுத்தியது இவர்கள் யாருமல்ல. தோப்புக்காரர் 2003-ல் அதே தோப்பின் பேரில் ஒரு வங்கியில் கடன் வாங்கியபோது எழுதிக் கொடுத்த அடமானப் பத்திரம்தான். சொத்து விவரத்தில் நான்கெல்லை சொல்லும் இடத்தில், "பொது வண்டிப் பாதைக்கு வடக்கு" என்று இருந்தது.

தஞ்சை மாவட்டத்துத் தாலுகா ஊர் ஒன்றில் 1991 முதல் வக்கீல் தொழில் செய்கிறேன். பெரும்பாலும் முன்சிப் கோர்ட், எப்போதாவது சார்பு நீதிமன்றம். ஜூனியர் பிள்ளைகள் குறுக்கு விசாரணைக் கூண்டில் எதிராளியை மடக்கி ஒப்புக்கொள்ள வைப்பதைப் பற்றியே கனவு காண்கிறார்கள். என் அனுபவத்தில் ஒப்புதல் கூண்டில் பிறப்பது அபூர்வம். அது ஏற்கெனவே எங்கோ எழுதப்பட்டுக் கிடக்கிறது. வழக்குக் கட்டு வாசிக்கும் மேசையில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தேடும் முறை, பயன்படுத்தும் முறை, நம் பக்கத்தில் அது விழாமல் பார்த்துக்கொள்ளும் முறை ஆகியவற்றை இங்கே எழுதுகிறேன். ஜூனியர்களுக்காகத்தான் தொடங்கினேன். சொந்த வழக்கைப் புரிந்துகொள்ள விரும்பும் கட்சிக்காரர்களும் படிக்கலாம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்புதல் என்றதும் பலருக்குக் காவல் நிலைய ஒப்புதல் வாக்குமூலம் நினைவுக்கு வருகிறது. அது குற்றத்தை ஒப்புக்கொள்வது, அதன் விதிகள் வேறு. உரிமையியல் வழக்கில் ஒப்புதல் என்பது அதைவிட மிகவும் சாதாரணமான பொருள். வழக்கில் பிரச்சினையாக உள்ள சங்கதி, அதாவது நடந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டிய விஷயம், பற்றி ஓர் ஊகத்துக்கு இடம் கொடுக்கும்படி ஒரு தரப்பார் வாயாலோ எழுத்தாலோ மின்னணு வடிவத்திலோ சொன்ன எதுவும் ஒப்புதலே. "ஆமாம், தவறு செய்தேன்" என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. தோப்புக்காரர் வங்கிக்கு எழுதிக் கொடுத்தபோது பாதை வழக்கைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அதனால்தான் அந்த வரிக்கு அவ்வளவு மதிப்பு.

பிரிவு எண்களில் இப்போது ஒரு குழப்பம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 17 முதல் 23 வரையிலான பிரிவுகளும் 31-வது பிரிவும் ஒப்புதலுக்கு உரியவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் அவை 15 முதல் 21 வரையிலும் 25-லும் இருக்கின்றன. ஒப்புக்கொண்ட சங்கதியை நிரூபிக்கத் தேவையில்லை என்ற பழைய 58, இப்போது 53. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே தொடரும் என்று புதிய சட்டத்தின் 170-வது பிரிவு சொல்கிறது. ஆகவே 2019-ஆம் வருடத்து வழக்கில் புதிய எண்ணைப் போட்டு எழுத்துப்பூர்வ வாதம் தாக்கல் செய்யாதீர்கள். சட்டத்தின் உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை.

இரண்டு எடை

எல்லா ஒப்புதலும் ஒரே எடை அல்ல. வழக்குரையிலோ எதிர்வழக்குரையிலோ நீதிமன்றத்தின் முன்பே செய்யப்படும் ஒப்புதல் ஒரு வகை. வழக்குக்கு வெளியே கடிதத்திலும் பத்திரத்திலும் வாய்ப்பேச்சிலும் கிடப்பது இன்னொரு வகை. நாகின்தாஸ் ராம்தாஸ் வழக்கில் 1973-ல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதல் வகை அதைச் செய்தவரைக் கட்டுப்படுத்தும், அந்தச் சங்கதிக்கு மேற்கொண்டு நிரூபணமே தேவையில்லை. இரண்டாம் வகை சாட்சியம் மட்டுமே. அது தவறு என்று காட்ட அவருக்கு வழி உண்டு.

இரண்டாம் வகையை அதனால் இளக்காரமாக நினைத்துவிட வேண்டாம். நம் தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1974 மாநிலங்களவைத் தேர்தலில் வலம்புரி ஜான் வெற்றி பெற்றார். அவருக்கு 30 வயது நிரம்பவில்லை என்று தேர்தல் மனு போட்டார்கள். அவர் முன்பு தன் பிறந்த தேதி பற்றித் தானே கொடுத்திருந்த விவரங்கள் அவருக்கு எதிராக வந்து நின்றன. 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: தெளிவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் செய்யப்பட்ட ஒப்புதல், செய்தவருக்கு எதிரான சிறந்த சாட்சியம், அது முடிவானதல்ல என்றாலும், அது உண்மையல்ல என்று காட்டும் சுமை அவர் தலைக்கு மாறிவிடுகிறது. அவரால் அந்தச் சுமையை இறக்க முடியவில்லை. தேர்தல் செல்லாமல் போயிற்று.

சுமை மாறுகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை தானே புரியும்.

தேடும் இடங்கள்

வழக்கு கைக்கு வந்ததும் நான் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. நிலம் யாருடையது என்று பார்ப்பதற்கு மட்டுமல்ல. அந்தச் சொத்து பற்றி எதிராளி இதற்கு முன் எழுதிக் கொடுத்துப் பதிவான பத்திரங்களின் எண்கள் அதில் இருக்கும். விற்றது, அடமானம் வைத்தது, தானம் கொடுத்தது, பாகப்பிரிவினை என்று ஒவ்வொன்றுக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். செலவு சில நூறு ரூபாய். நகல் வந்ததும் தொகையைப் பார்க்காதீர்கள், நான்கெல்லையைப் படியுங்கள். "இன்னாருக்குப் பாத்தியமான நிலத்துக்குக் கிழக்கு" என்று அவரே எழுதியிருந்தால், அந்த இன்னார் உங்கள் கட்சிக்காரராக இருந்தால், பாதி வேலை முடிந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சம்பந்தமில்லாத இரண்டு பேருக்கு இடையே ஆன பத்திரத்தில் உள்ள எல்லை விவரம் எதிராளியின் ஒப்புதல் ஆகாது. பக்கத்து வயல்காரர் தன் கிரயப் பத்திரத்தில் என்ன எழுதினாலும் அது அவர் சொன்னது. அந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் உங்கள் எதிராளியாக இருக்க வேண்டும், அல்லது அவருக்கு அந்தச் சொத்தைக் கொடுத்தவராக இருக்க வேண்டும்.

கொடுத்தவர் விஷயத்தில் தேதியைக் கவனியுங்கள். முந்தைய உரிமையாளர், சொத்து தன் கையில் இருந்த காலத்தில் சொன்னதுதான் பின்னால் வாங்கியவருக்கு எதிராகப் பயன்படும். விற்றுவிட்ட பிறகு சொன்னது பயன்படாது. 2010-ல் கிரயம் கொடுத்தவர் 2014-ல் வேறொரு வழக்கில் கூண்டேறி, "அந்த இடம் எனக்குச் சொந்தமில்லை, புறம்போக்கு" என்று சொன்னதை ஒரு நண்பர் வெற்றிக் களிப்போடு எடுத்து வந்தார். வாங்கியவரை அது தொடாது என்று நான் சொன்னபோது அவர் முகம் சுண்டிப் போனது. விற்றவருக்கு வாங்கியவர் மேல் கோபம் இருக்கலாம், காசும் வாங்கியிருக்கலாம். கைவிட்டுப் போன சொத்தைப் பற்றி அவர் பேசுவதற்கு அவருக்கு இழப்பு ஏதுமில்லை அல்லவா?

அடுத்து, பழைய வழக்குகள். இ-கோர்ட்ஸ் தளத்தில் எதிராளியின் பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடினால் அவர் மீதும் அவர் போட்டதுமான வழக்குகள் வரும். பின்பு நகல் மனு போட்டு அந்த வழக்கின் எதிர்வழக்குரையையும் வாக்குமூலத்தையும் வாங்குங்கள். தம்பியோடு நடந்த பாகப்பிரிவினை வழக்கில், "இந்த வீடு எங்கள் தகப்பனார் கட்டியது" என்று சொன்னவர், மகளோடு நடக்கும் வழக்கில், "என் சுயார்ஜிதம்" என்கிறார். இதை நான் நான்கைந்து முறை பார்த்துவிட்டேன். ஜீவனாம்ச வழக்கில் வருமானமே இல்லை என்றவர், நிலம் வாங்கக் கிரய ஒப்பந்தம் போட்ட வழக்கில் பணம் தயாராக இருந்தது என்பார்.

பட்டா மாறுதலுக்குத் தாசில்தாரிடம் கொடுத்த மனு, கட்டட அனுமதிக்குப் பஞ்சாயத்தில் கொடுத்த வரைபடம், மின் இணைப்பு விண்ணப்பம் இவற்றையும் விடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் பல சமயம் கிடைத்துவிடும். வாட்ஸ்அப் செய்தி இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. ஆனால் திரையைப் படம் பிடித்து அச்செடுத்துக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். புதிய சட்டத்தின் 63-வது பிரிவில் அதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கைப்பேசியை மாற்றும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

ஆவணத்தின் உள்ளடக்கம் பற்றி வாயால் சொன்னதை ஒப்புதலாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். "பத்திரத்தில் இரண்டு லட்சம் என்று எழுதியிருக்கிறது என அவர் சந்தைத் திடலில் சொன்னார்" என்று சாட்சி வந்தால் நீதிபதி பத்திரம் எங்கே என்றுதான் கேட்பார். பத்திரத்துக்குப் பதில் நகல் போன்ற இரண்டாம் நிலைச் சாட்சியம் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கும்போதும், பத்திரம் உண்மையானதா என்பதே பிரச்சினையாக இருக்கும்போதும் மட்டுமே அதற்கு இடம்.

எதிர்வழக்குரை எழுதும் இரவு

என் முதல் தோல்வியை இங்கே சொல்லத்தான் வேண்டும். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். டீக்கடைக்காரர் ஒருவர் மீது 75,000 ரூபாய் புரோநோட்டு (கடன் உறுதிச் சீட்டு) தாவா. வழக்குக்கு முன் வந்த வக்கீல் நோட்டீசுக்கு நான்தான் பதில் எழுதினேன். கட்சிக்காரர் சொன்னதை அப்படியே எழுதினேன்: "எங்கள் கட்சிக்காரர் மாதந்தோறும் வட்டியைத் தவறாமல் செலுத்தி வந்துள்ளார், எனவே நோட்டீஸ் உள்நோக்கம் கொண்டது." பிறகு தாவா வந்தது. அப்போது அவர் வேறு கதை சொன்னார், கையெழுத்தே தன்னுடையதல்ல என்றார். எதிர்வழக்குரையில் அதை எழுதினேன். என் சீனியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வாங்காத கடனுக்கு வட்டி கட்டிய மனிதனை எங்கே அம்மா பிடித்தாய்?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கு தோற்றது. அந்தப் பதில் நோட்டீசின் நகலை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆகவே பதில் நோட்டீசைக் குமாஸ்தாவிடமோ ஜூனியரிடமோ விட்டுவிடாதீர்கள். நோட்டீசுக்கு மௌனமாக இருப்பதும் சரியல்ல. பதில் அனுப்பாதது மட்டுமே ஒப்புதல் ஆகிவிடாது, ஆனாலும் பாதகமான ஊகத்துக்கு அது இடம் கொடுக்கும். கடனை ஒத்துக்கொண்டு எழுதும் கடிதத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காலவரையறை முடியும் முன் கையெழுத்திட்டு எழுத்தில் கடனை ஏற்றுக்கொண்டால், 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தின் 18-வது பிரிவின்படி அந்தத் தேதியிலிருந்து புதிதாகக் காலம் ஓடத் தொடங்கும். "பாக்கி இருப்பது உண்மை, ஆனால் தர மாட்டேன்" என்று எழுதினாலும் அதே கதிதான்.

எதிர்வழக்குரைக்கு வருவோம். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 8-ல் 3, 4, 5 ஆகிய விதிகளை எதிர்வழக்குரை எழுதும் முன் ஒவ்வொரு முறையும் படியுங்கள். நானும் படிக்கிறேன். "இதில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர மற்ற அனைத்தும் மறுக்கப்படுகின்றன, வாதியே தக்க சாட்சியம் மூலம் நிரூபிக்கக் கடமைப்பட்டவர்" என்ற பத்தியை எல்லாரும் போடுகிறோம். போடுவதில் தப்பில்லை, அதை நம்புவதில்தான் தப்பு. ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியாக மறுக்க வேண்டும் என்கிறது 3-வது விதி. மறுக்காமல் விட்டது ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்கிறது 5-வது விதி. மைனர் போன்ற சட்டத் தகுதிக் குறை உள்ளவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது. மற்றவர்கள் விஷயத்திலும் நீதிமன்றம் விரும்பினால் நிரூபணம் கேட்கலாம். அந்த விருப்பத்தை நம்பி வழக்குக் கட்டை மூடாதீர்கள்.

நான்காம் விதி எனக்குப் பிடித்தது. மூன்று லட்சம் வாங்கினார் என்று வழக்குரை சொல்கிறது. "மூன்று லட்சம் வாங்கவில்லை" என்று மட்டும் எழுதினால் அது நழுவல். இரண்டரை லட்சம் வாங்கினாரோ என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும். "மூன்று லட்சமோ அதில் எந்தப் பகுதியோ வாங்கவில்லை" என்று எழுத வேண்டும், அல்லது எவ்வளவு வாங்கினார் என்று சொல்ல வேண்டும். என் அலுவலகத்தில் வழக்குரையின் ஒவ்வொரு பத்தியையும் வாக்கியம் வாக்கியமாகப் பென்சிலால் பிரித்து, ஓரத்தில் "ஏற்பு", "மறுப்பு", "தெரியாது" என்று எழுதிய பிறகுதான் தட்டச்சுக்குப் போகும். "தெரியாது" என்பதைக் கட்சிக்காரருக்கு நிஜமாகவே தெரிய வாய்ப்பில்லாத சங்கதிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தன் கையெழுத்து பற்றித் தனக்குத் தெரியாது என்று ஒருவர் சொன்னால் எந்த நீதிபதியும் சிரிப்பார்.

எதை ஏற்பது என்பதும் ஒரு திறமை. உறவுமுறை, சர்வே எண், மறுக்க முடியாத பதிவுப் பத்திரம் இவற்றையெல்லாம் மறுத்துவிட்டுப் பிறகு கூண்டில் ஒவ்வொன்றாக ஒத்துக்கொள்ளும் பிரதிவாதியை விட, முதலிலேயே நான்கு சங்கதிகளை ஏற்று ஐந்தாவதை உறுதியாக மறுப்பவரை நீதிமன்றம் நம்பும்.

யாரும் அனுப்பாத நோட்டீஸ்

அதே சட்டத்தில் கட்டளை 12 என்று ஒன்று இருப்பதையே எங்கள் பக்கத்தில் பலர் மறந்துவிட்டார்கள். இந்த ஆவணத்தை ஏற்கிறீர்களா என்று எதிர்த்தரப்பைக் கேட்டு 2-வது விதியின்படி நோட்டீஸ் கொடுக்கலாம், ஏழு நாளில் பதில் வர வேண்டும். காரணமில்லாமல் மறுத்தாலோ அலட்சியமாக இருந்தாலோ, வழக்கில் யார் ஜெயித்தாலும், அந்த ஆவணத்தை நிரூபித்த செலவு, நீதிமன்றம் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, மறுத்தவர் தலையில். குறிப்பாகவோ உள்ளுறையாகவோ மறுக்காத ஆவணம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று 2ஏ விதி சொல்கிறது. சங்கதிகளுக்கு 4-வது விதி. விசாரணைத் தேதிக்கு ஒன்பது நாளுக்கு முன்பாவது அனுப்பிவிட வேண்டும்.

பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஒரு வாடகை வழக்கில் பதினொரு ரசீதுகளுக்கு இந்த நோட்டீஸ் கொடுத்தேன், பத்தை ஏற்றார்கள். ஐந்து வாய்தா மிச்சம். இந்த நோட்டீஸ்படி செய்யும் சங்கதி ஒப்புதல் அந்த ஒரு வழக்குக்கு மட்டும்தான், வேறு வழக்கில் அவருக்கு எதிராக அதை எடுத்து நீட்ட முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் தயங்கினால் இதைச் சொல்லுங்கள், தயக்கம் குறையும்.

கூண்டில்

தோப்பு வழக்கின் அடமானப் பத்திரம் என் கைக்கு வந்தபோது விசாரணை தொடங்கிவிட்டது. வழக்குரையோடு தாக்கல் செய்யாத ஆவணத்துக்கு அனுமதி வேண்டும். ஆனால் எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யக் காட்டும் ஆவணத்துக்கு அந்தத் தடை இல்லை. கட்டளை 7 விதி 14-ன் கடைசி உட்பிரிவில் "வாதியின் சாட்சிகளை" என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது சட்டம் எழுதியவர்களின் கைத்தவறு, "பிரதிவாதியின் சாட்சிகளை" என்று இருந்திருக்க வேண்டும் என்று 2005-ல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பத்திரத்தை உடனே நீட்டவில்லை. தோப்பை எந்த வருடம் வாங்கினீர்கள், எல்லைகள் உங்களுக்கு நன்றாகத் தெரியுமா, 2003-ல் கடன் வாங்கினீர்களா, பத்திரத்தைப் படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று படிப்படியாகப் போனேன். "பத்திரத்தைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் சரிதான்" என்பது பதிவான பிறகே பத்திரம் வெளியே வந்தது. கையெழுத்தை ஒப்புக்கொண்டார். அடமானப் பத்திரத்துக்கு அத்தாட்சி சாட்சியை, அதாவது அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரை, அழைக்க வேண்டுமே என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். எழுதிக் கொடுத்தவரே ஒப்புக்கொண்டால் அவருக்கு எதிராக அதுவே போதும் என்ற பழைய 70-வது பிரிவைக் காட்டினேன். வாதி தரப்புச் சான்றாவணமாகக் குறியீடு ஆயிற்று.

அதோடு உட்கார்ந்துவிட்டேன். "அப்படியானால் பாதை இல்லை என்று ஏன் பொய் சொன்னீர்கள்?" என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்டிருந்தால் விளக்கம் சொல்ல நானே வாசல் திறந்துவிட்டவள் ஆவேன்.

எதிராளியின் பழைய ஒப்புதலைக் கூண்டில் அவரிடம் காட்டியே ஆக வேண்டுமா என்று ஜூனியர்கள் கேட்பார்கள். முரண்பாடு காட்டுவதற்கு மட்டும் என்றால் பழைய 145, புதிய 148-ன்படி அந்தப் பகுதியைச் சுட்டிக்காட்டியே தீர வேண்டும். ஒப்புதல் தன்னளவிலேயே சாட்சியம், கட்சிக்காரரிடம் காட்டாவிட்டாலும் பயன்படும் என்று பரத் சிங் எதிர் பாகீரதி வழக்கில் 1965-ல் சொல்லப்பட்டது. பிறகு வந்த ஒரு தீர்ப்பு வேறு தொனியில் பேசுகிறது. நான் எப்போதும் காட்டிவிடுவேன். மேல்முறையீட்டில் இதற்காக ஒரு மணி நேரம் வாதாடுவதை விட, கூண்டில் இரண்டு நிமிடம் செலவழிப்பது லாபம்.

வாக்குமூலம் தட்டச்சாகும்போது திரையைப் பாருங்கள். "சரியல்ல" என்று சாட்சி சொன்னது "தெரியாது" என்று பதிவானால் பொருளே வேறு. கையெழுத்து வாங்கும் முன் சொன்னால் திருத்துவார்கள், அடுத்த வாய்தாவில் சொன்னால் முறைப்பார்கள்.

உடனே தீர்ப்பு கேட்பது

ஒப்புதல் அவ்வளவு தெளிவாக இருந்தால் விசாரணை முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டளை 12 விதி 6-ன்படி வழக்கின் எந்தக் கட்டத்திலும், மனுவின் பேரிலோ தானாகவோ, நீதிமன்றம் அந்த அளவுக்குத் தீர்ப்பு சொல்லலாம். 1976 திருத்தம் இந்த விதியை விரிவாக்கியது, இப்போது வழக்குரைகளுக்கு வெளியே செய்த ஒப்புதலும் இதில் அடங்கும். வாடகைதாரரை வெளியேற்றும் வழக்குகளிலும் பணப் பாக்கி வழக்குகளிலும் இது நன்றாக வேலை செய்யும். பத்து லட்சம் கேட்கிறீர்கள், ஆறு லட்சத்தை ஒத்துக்கொள்கிறார் என்றால், ஆறுக்கு இப்போதே தீர்ப்பாணை வாங்கிக்கொண்டு நாலுக்குச் சண்டை போடலாம்.

ஆனால் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. ஒப்புதல் தெளிவாக, நிபந்தனையற்றதாக, மனமறிந்து செய்ததாக இருக்க வேண்டும் என்று 2011-ல் ஹிமானி அலாய்ஸ் வழக்கில் சொல்லிவிட்டார்கள். எதிர்வழக்குரையிலிருந்து ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதற்கு அடுத்த "ஆனால்" தொடங்கும் வாக்கியத்தை விட்டுவிட்டு மனு போடுபவர்கள் இருக்கிறார்கள். முழுவதையும் சேர்த்துத்தான் படிப்பார்கள். மனு தள்ளுபடியாகும், நாளும் போகும். பாகப்பிரிவினையில் ஒரு சகோதரர் ஒத்துக்கொண்டதை வைத்து மற்ற சகோதரிகளின் பங்கை முடிக்கவும் முடியாது.

நம் பக்கத்தைக் காப்பது

சமரசம் பேசும்போது எழுதும் கடிதத்தில் "உரிமைகளுக்குப் பங்கமின்றி, சமரசத்துக்காக மட்டும், சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையுடன்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். பழைய 23, புதிய 21-வது பிரிவு உரிமையியல் வழக்கில் அதைக் காக்கும். சமரச மையத்தில் பேசியதும் இரகசியமாகவே இருக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுப்பதற்கு இப்படியொரு வேலி தானாக வந்துவிடாது. சூழ்நிலையிலிருந்து நீதிமன்றம் ஊகிக்க வேண்டியிருக்கும், அது உங்கள் பக்கம் ஊகிக்கும் என்று உறுதியில்லை. காவல் நிலையத்தில் "மூன்று மாதத்தில் பணம் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மிரட்டி வாங்கியது என்றால் மறுநாளே மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் புகார் போக வேண்டும். இரண்டு வருடம் கழித்து எதிர்வழக்குரையில் முதல்முறையாக மிரட்டல் என்று சொன்னால் என்னால் அதைத் தூக்கி நிறுத்த முடிவதில்லை.

வக்கீல் சொல்லும் ஒப்புதலும் கட்சிக்காரரைப் பாதிக்கும். ஆகையால் கட்சிக்காரரின் தெளிவான அறிவுறுத்தல் இல்லாமல் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் வக்கீல்களைக் கண்டித்தது. "ஆமாம் ஐயா, அது சரிதான்" என்று நீதிபதியிடம் தலையாட்டும் பழக்கம் நமக்கு உண்டு. கட்சிக்காரர் பின்னால் நின்றால் திரும்பி ஒரு தடவை கேளுங்கள். சட்ட நிலையைப் பற்றி நீங்கள் தவறாக ஒத்துக்கொண்டது மட்டும் அவரைக் கட்டாது, ஏனென்றால் ஒப்புதல் சங்கதிக்குத்தான், சட்டத்துக்கு இல்லை.

செய்துவிட்ட ஒப்புதலிலிருந்து மீள முடியுமா? வழக்குக்கு வெளியே செய்ததை விளக்கலாம்: தவறாக எழுதப்பட்டது, தெரியாமல் சொன்னது, சூழ்நிலை வேறு என்று. விளக்கத்தை எதிர்வழக்குரையிலேயே எழுதி, சாட்சியத்தாலும் தாங்க வேண்டும். எதிர்வழக்குரையிலேயே செய்ததைத் திருத்த மனுவால் அழித்துவிடுவது மிகக் கடினம். எதிர்த்தரப்பின் வழக்கையே புரட்டிப்போடும்படி ஒப்புதலைத் திரும்பப் பெற முடியாது என்று 1976-ல் மோடி ஸ்பின்னிங் வழக்கில் முடிவானது. விளக்கம் சேர்க்க மட்டும் திருத்தம் கேட்பவர்களுக்குப் பிந்தைய தீர்ப்புகள் கொஞ்சம் இடம் கொடுக்கின்றன. விசாரணை தொடங்கும் முன் கேளுங்கள்.

தோப்புக்காரரும் விளக்கினார். எல்லை விவரத்தை வங்கியின் எழுத்தர் தானாக எழுதிவிட்டார் என்று மறு விசாரணையில் சொன்னார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதாக அரை மணி நேரத்துக்கு முன்தான் சொல்லியிருந்தார். அவர் தோப்பை வாங்கிய 1978-ஆம் வருடத்துக் கிரயப் பத்திரத்தை, அவரே தன் உரிமையைக் காட்டத் தாக்கல் செய்திருந்தார். அதன் கடைசிப் பக்கத்திலும் அதே எல்லை, அதே சொற்கள். சார்பு நீதிமன்றத்தில் அவர் செய்த மேல்முறையீடும் தள்ளுபடியானது. நிறைவேற்று மனுவுக்கு நான் கட்டணம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, வேலியை அவரே பிரித்துவிட்டதாக என் கட்சிக்காரர் தொலைபேசியில் சொன்னார்.